உடல்தேய்வு: 'வானிலைச் சிதைவு' என்று எழுதாதீர்கள்

தர்மபுரியில் கிராம சுகாதாரச் செவிலியர்கள் கையில் ஒரு பயிற்சிக் குறிப்பு பார்த்தேன். "அமெரிக்கக் கறுப்பினத் தாய்மாரிடம் வானிலைச் சிதைவு அதிகம்" என்று அச்சடித்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்புக் கட்டுரைகளிலும் இதே கொடுமைதான்.

ஆங்கில மூலச்சொல் 'வெதரிங்' (weathering). வெயில் மழையில் அரிபடுவது, புயலைத் தாக்குப்பிடிப்பது என அதற்கு இரு பொருள். 1992-இல் ஆர்லின் ஜெரோனிமஸ் என்ற பொதுச் சுகாதார ஆய்வாளர் இதை மனித உடலுக்குப் பயன்படுத்தினார். வேலையிலும் வருமானத்திலும் இனப் பாகுபாட்டைச் சுமந்து சமாளித்தே உடல் வயதுக்கு முன்பே தளர்கிறது என்பது அவர் வாதம். மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் ஓயாமல் சுரக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயம் கெடுகிறது. 2006-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், ஏழ்மையில் இல்லாத கறுப்பினப் பெண்களுக்குக்கூட ஏழை வெள்ளையினப் பெண்களைவிட உடலில் ஏறிய இந்தச் சுமை அதிகம் இருந்தது.

பாறை அரிபடுவதற்கான பாடநூல் சொல்லை இங்கே ஒட்டுவது எப்படித் தகும்? 'வானிலை' என்றால் பழி வெயில்மேல் போகிறது. வேலை மறுத்த முதலாளி தப்பிவிடுகிறார். 2004-இல் பொருளியல் ஆய்வாளர்கள் மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பாஸ்டனிலும் சிகாகோவிலும் ஒரே தரமான வேலை விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்களுக்கு, லகீஷா, ஜமால் போன்ற கறுப்பினப் பெயர்களைவிட 50 சதவீதம் கூடுதல் அழைப்பு வந்தது. இதில் வானிலை எங்கே வந்தது?

'சிதைவு' அதைவிட ஆபத்து. தாய்மாரைப் பற்றிய வரியில் அந்தச் சொல் வந்தால் எந்தச் செவிலியரும் கருச்சிதைவு என்றுதான் படிப்பார். அகராதியைப் புரட்டியவர் வாசிப்பவரை நினைக்கவே இல்லை. பெரும்பாலான மொழிபெயர்ப்பாளர்களின் நோய் இது.

நம்மிடம் 'தேய்' இருக்கிறது. விடியற்காலை பஸ் ஏறி பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவரை "உழைச்சு ஓடாத் தேஞ்சுட்டான்" என்று பாப்பாரப்பட்டியிலும் சொல்வார்கள், ஊத்தங்கரையிலும் சொல்வார்கள். அதில் தாக்குப்பிடித்ததும் இருக்கிறது, அதற்கு உடல் கொடுத்த விலையும் இருக்கிறது. தேய்ந்தான் என்றால் தேய்த்தது யார் என்ற கேள்வியும் கூடவே எழும்.

'தேய்மானம்' என்று சிலர் எழுதுகிறார்கள். பொருள் நெருக்கம்தான், ஆனால் ஆஸ்பத்திரியில் அது மூட்டுக்குப் போய்விட்டது. முதல் இடத்தில் 'பாகுபாட்டால் நேரும் உடல்தேய்வு' என்று விரித்து எழுதுங்கள். பிறகு 'உடல்தேய்வு' போதும்.