புதிய ஃப்ளூவுக்கு ஊசி: குழந்தைக்குப் போடலாமா?

அவசர அவசரமாகத் தயாரித்த ஊசியைக் குழந்தைக்குப் போடுவதா? 2009-ல் எச்1என்1 பன்றிக் காய்ச்சல் பரவியபோது அமெரிக்கப் பெற்றோர் பலருக்கு இந்தத் தயக்கம் இருந்தது. ஏப்ரலில் கண்டறிந்த வைரஸுக்கு அக்டோபரிலேயே ஊசி வந்துவிட்டால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஆனால் அந்த ஊசியில் புதிது வைரஸ் மட்டும்தான். அதன் மேற்பரப்புப் புரதங்களை, முட்டையில் செழித்து வளரும் 1934-ஆம் ஆண்டு வைரஸ் ஒன்றோடு சேர்த்துக் கலப்பு வைரஸ் உண்டாக்குவார்கள். பத்துப் பதினோரு நாள் கருவுள்ள கோழிமுட்டைக்குள் அதைச் செலுத்தி, இரண்டு மூன்று நாளில் உள்ளிருக்கும் திரவத்தை எடுத்துச் சுத்திகரித்து, ஃபார்மலின் போன்றவற்றால் வைரஸைச் செயலிழக்க வைத்து, பிறகு துண்டு துண்டாகப் பிரிப்பார்கள். வருடாந்தர ஃப்ளூ ஊசிகளில் பெரும்பாலானவற்றிலும் இதே செய்முறைதான். 2009 வைரஸ் முட்டையில் மந்தமாகவே வளர்ந்தது. அவசரம் என்று பேச்சு; உண்மையில் அக்டோபர் கடைசியில் நோய் உச்சத்தில் இருந்தபோது கேட்டவர்களுக்கெல்லாம் ஊசி கிடைக்கவில்லை.

இனி கணக்கு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் 18 வயதுக்குட்பட்டோரில் சுமார் 1.95 கோடிப் பேருக்கு நோய் வந்தது. 87,000 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 1,280 பேர் இறந்தார்கள். ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு என்று வகுத்தால் ஏறத்தாழ 26,000 பேருக்கு நோய், 117 பேர் மருத்துவமனையில், ஓரிரு மரணம். அங்கே போட்ட ஊசியால் நரம்பைத் தாக்கும் கியான்-பாரே நோய், எல்லா வயதினரையும் சேர்த்து, பத்து லட்சம் பேரில் ஒன்றிரண்டு கூடுதலாக வந்தது. நானாக இருந்தால் இந்தக் கணக்குக்குப் போட்டுவிடுவேன்.

ஆனால் எல்லா ஊசிக்கும் ஒரே கணக்கு இல்லை. பின்லாந்தில் போட்ட பாண்டெம்ரிக்ஸ் என்ற பன்றிக் காய்ச்சல் ஊசியில், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஏ.எஸ்.03 என்ற எண்ணெய்க் கலவை இருந்தது. அங்கே 4 முதல் 19 வயதுக்குள் ஊசி போட்டவர்களில் சுமார் 16,000 பேருக்கு ஒருவருக்கு, பகலில் திடீரெனத் தூக்கம் அழுத்தும் நார்கோலெப்சி வந்தது; பெரும்பாலும் குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்கு. அமெரிக்காவில் அந்தக் கலவை இல்லாத ஊசிதான். ஆஸ்திரேலியாவில் 2010-ல் ஃப்ளுவாக்ஸ் என்ற ஊசி சிறு குழந்தைகளுக்குக் காய்ச்சல் வலிப்பை உண்டாக்கியது. வைரஸைச் சரியாகப் பிரிக்காததால் எஞ்சிய கொழுப்பும், வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வின் துண்டுகளும் காரணம். அதே வைரஸ்களைக் கொண்ட மற்ற நிறுவன ஊசிகளில் அந்தச் சிக்கல் இல்லை. எனவே குழந்தை மருத்துவரிடம் "புதுசா?" என்று கேட்பதைவிட மூன்று கேள்வி உதவும்: எந்த நிறுவன ஊசி? எதிர்ப்பைத் தூண்டும் கலவை சேர்த்ததா? என் குழந்தையின் வயதுக்கு அனுமதி உண்டா?

ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி கிடையாது; கர்ப்ப காலத்தில் தாய் போட்டுக்கொள்வதே அதற்குப் பாதுகாப்பு. ஒன்பது வயதுக்குள் முதல் முறை போடுகிறவர்களுக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. ஃப்ளூவைப் பார்த்தே இராத உடலுக்கு முதல் ஊசி அறிமுகம் மட்டுமே. இரண்டாவது போட்டு இரண்டு வாரம் ஆனபிறகுதான் நம்பிக்கையான பாதுகாப்பு. முதலாவதோடு நிறுத்திவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு.

ஊசிக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம். ஆஸ்பிரின் கூடாது. பாரசிட்டமால் ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி.; அடுத்த வேளைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் போகட்டும். பத்துக் கிலோ குழந்தை என்றால் 100 முதல் 150 மி.கி. இதில் பாட்டிலைப் பார்க்காமல் ஊற்றுவதுதான் ஆபத்து: 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 2 முதல் 3 மி.லி., 125 மி.கி. உள்ளது என்றால் 4 முதல் 6 மி.லி., மி.லி.க்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் 1 முதல் 1.5 மி.லி. மட்டுமே. மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் விழிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ மருந்தளவை யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.