புரொம்ட்: அசையாப் படத்துக்கு அடியெடுத்துக் கொடுக்கும் சொல்

வீட்டு ஆல்பத்தில் கிடக்கும் பழைய படத்தைப் போனில் பிடித்து, செயற்கை நுண்ணறிவுக் கருவியால் அதை ஐந்து செக்கன் வீடியோவாக அசைய வைப்பதில் இலங்கை மலையகத்துப் பிள்ளைகளுக்கு இப்போது பெரிய ஆர்வம். கொழுந்துக் கூடையோடு நிற்கிற அம்மாயி, லயத்து வீட்டுத் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிற தாத்தா, ஸ்டூடியோவில் எடுத்த கல்யாணப் படம் என்று எதையும் விடுவதில்லை. படத்தை ஏற்றியதும் கீழே ஒரு வெற்றுப் பெட்டி வரும். அதில் எழுதுவதற்குப் பெயர் புரொம்ட். பலர் அதில் "இந்தப் படத்துக்கு உயிர் கொடு" என்று எழுதிவிடுகிறார்கள். வருகிற வீடியோவில் அம்மாயியின் முகம் யாரோ ஒருவருடையதாக மாறியிருக்கும், கூடை தோளுக்குள் கரைந்திருக்கும். புரொம்ட் என்ற சொல் எங்கிருந்து வந்தது, அது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் அந்தப் பெட்டியில் எதை எழுதலாம் என்பதும் தெளிந்துவிடும். அதனால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

இலத்தீனில் 'ப்ரோ' என்றால் முன்னே. 'எமெரே' என்றால் எடுத்தல். இரண்டும் சேர்ந்த 'ப்ரோமெரே', உள்ளே இருப்பதை எடுத்து முன்னே வைப்பதைக் குறிக்கும். அப்படி எடுத்து வைக்கப்பட்டது 'ப்ரோம்ப்டுஸ்', அதாவது கைக்கெட்டும்படி ஆயத்தமாக இருப்பது. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குத் தாமதமில்லாத, உடனடியான என்ற பொருள் இருப்பது இதனால்தான். ஒருவரை ஒரு காரியத்துக்கு உந்துவது என்ற வினைப்பொருளும் அங்கே உண்டு. 15ஆம் நூற்றாண்டளவில் இன்னொரு பொருளும் சேர்ந்தது: பேசுகிறவர் தடுமாறும்போது அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பது. நாடக மேடையில் இது தனி வேலையாகவே ஆனது. திரைமறைவில் பிரதியோடு ஒருவர் நிற்பார். நடிகர் வசனத்தை மறந்தால் முதல் இரண்டு சொல்லை மெல்லச் சொல்வார். மிச்சத்தை நடிகரே பிடித்துக்கொள்வார்.

கணினிக்கு வந்தபோது இந்தச் சொல் திசை மாறியது. 1981இல் வந்த எம்.எஸ்.டொஸ் என்ற கணினி இயங்குதளத்தின் காலத்துத் திரையில் ஒரு குறியும் பக்கத்தில் மினுங்கும் கோடும் இருக்கும். "நான் தயார், நீ சொல்லு" என்று இயந்திரம் மனிதரைக் கேட்கும் அடையாளம் அது. அதன் பெயரும் புரொம்ட் தான். அங்கே எடுத்துக் கொடுத்தது இயந்திரம், பேசவேண்டியவர் மனிதர். 2020இல் ஜிபிடி 3 போன்ற மொழி மாதிரிகள், அதாவது நாம் எழுதியதைத் தொடர்ந்து எழுதும் செயற்கை நுண்ணறிவு நிரல்கள், வந்த பிறகு இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். இப்போது மனிதர் எடுத்துக் கொடுக்கிறார், இயந்திரம் தொடர்ந்து சொல்கிறது. 2023இல் ஒக்ஸ்போர்ட் அகராதியினர் ஆண்டின் சொல்லைத் தெரிவு செய்தபோது இறுதிச் சுற்றுக்கு வந்த நான்கு சொற்களில் புரொம்டும் ஒன்று. ஐந்நூறு ஆண்டுக்கு மேல் பழசான ஒரு சொல் புதுச் சொல்லைப் போல அங்கே வந்து நின்றதற்குக் காரணம் இந்த இடமாற்றம்தான்.

சரி, தமிழில் இதை என்னவென்று சொல்வது? புழக்கத்தில் சில சொற்கள் இருக்கின்றன. 'கட்டளை' என்கிறார்கள் சிலர். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கட்டளை என்றால் சொன்னது சொன்னபடி நடக்க வேண்டும். இங்கே அப்படி நடப்பதில்லை. அதே படத்துக்கு அதே வரியை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு விதமான வீடியோ வரும். 'உள்ளீடு' என்பது படம், எழுத்து, ஒலி என்று உள்ளே போகும் எல்லாவற்றுக்கும் பொதுவான சொல். 'ஏவல்' இலக்கணத்தில் நல்ல சொல்லாக இருந்தாலும் நம் ஊர்களில் பில்லி, சூனியத்தோடு சேர்ந்தே காதில் விழுகிறது. இறந்துபோன பாட்டியின் படத்தை முன்னே வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

'தூண்டு' என்ற அடியில் பிறந்த சொற்கள்தான் பொருத்தத்துக்கு அருகில் வருகின்றன. தூண்டுதல் என்பது விளக்குத் திரியை மேலே இழுத்துவிட்டுச் சுடரைக் கூட்டும் வேலை. அதற்கான கோல்தான் தூண்டுகோல். திரியை இழுத்துவிடத் தேவையில்லாமல் தானே எரியும் விளக்கைத் தூண்டாவிளக்கு என்றார்கள். எண்ணெயும் திரியும் நெருப்பும் ஏற்கெனவே இருக்கின்றன, தூண்டுகிறவர் அவற்றைக் கொண்டுவருவதில்லை என்பது இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. படத்தை வீடியோவாக்கும் வேலையும் அதுவே. ஆளும் இடமும் வெளிச்சமும் படத்தில் இருக்கின்றன. அதனால் எழுதப்படும் வரிகளைக் குறிக்க நான் 'தூண்டுரை' என்ற சொல்லைக் கொள்கிறேன். 'தூண்டல்' என்றாலும் விளங்கும். ஆனால் அறிவியல் பாடத்தில் அதற்கு வேறு வேலை இருக்கிறது.

பெயருக்குத் தூண்டுரை சரி. செய்கிற காரியத்துக்குத் தமிழில் இன்னும் அழகான, இன்னும் பழைய தொடர் ஒன்று இருக்கிறது: அடியெடுத்துக் கொடுத்தல். தில்லையில் இறைவன் சேக்கிழாருக்கு 'உலகெலாம்' என்று அடியெடுத்துக் கொடுத்தான் என்பது மரபு. கந்தபுராணத்துக்கு 'திகடசக்கரம்' என்று முருகன் எடுத்துக் கொடுத்ததாகச் சொல்வார்கள். கொடுக்கப்பட்டது ஒரே ஒரு சொல். அதிலிருந்து பெரியபுராணத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் வந்தன. நம் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும்போது பாட்டு தடைப்பட்டால் வாத்தியார் எடுத்துக் கொடுப்பதும் இதுதான். இலத்தீன்காரர் 'எடுத்து முன்னே வை' என்றதையும் நம்மவர் 'எடுத்துக் கொடு' என்றதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இரண்டு மொழியும் ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒரே வினையைப் பிடித்திருக்கின்றன.

இனி அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். படத்தை வீடியோவாக்கும் மாதிரிகள் ஏராளமான வீடியோக்களையும் அவற்றுக்கு எழுதிய விவரிப்புகளையும் பார்த்துப் பழகியவை. நாம் கொடுக்கும் படத்தைப் பெரும்பாலும் முதல் சட்டகமாக, அதாவது வீடியோவின் முதல் அசையாப் படமாக, வைத்துக்கொள்ளும். அதற்குப் பின்னால் வரவேண்டிய சட்டகங்களை வெறும் புள்ளி இரைச்சலிலிருந்து, அதாவது ஒழுங்கில்லாத புள்ளிக் குவியலிலிருந்து, தொடங்கி, இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கி உருவாக்கும். தொடக்க இரைச்சல் ஒவ்வொரு முறையும் வேறு என்பதால்தான் ஒரே வரிக்கு வேறு வேறு வீடியோ வருகிறது. இரைச்சலை நீக்கும் ஒவ்வொரு படியிலும் எந்தப் பக்கம் போவது என்று திருப்பிவிடுவது நம் தூண்டுரை. 2023 நவம்பரில் வெளிவந்த ஸ்டேபிள் வீடியோ டிஃபியூஷன் என்ற மாதிரியில் படத்தை மட்டும்தான் கொடுக்க முடிந்தது, எழுத்தால் அதை வழிநடத்த முடியவில்லை. எதை அசைப்பது என்று அதுவே முடிவு செய்தது. ரன்வே, கிளிங், லூமா, வியோ போன்ற கருவிகளில் நம் சொல்லுக்கு இடம் இருக்கிறது. அந்த இடத்தை வீணாக்கக் கூடாது.

வீணாக்குவது எப்படி என்றால், படத்தில் இருப்பதையே திரும்ப எழுதுவது. "சேலை கட்டிய ஒரு வயதான பெண் தேயிலைத் தோட்டத்தில் நிற்கிறார், பின்னால் மலைகள் இருக்கின்றன" என்று எழுதினால் இயந்திரத்துக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அது முன்னாலேயே பார்த்துவிட்டது. அதற்குத் தெரியாதது அடுத்த ஐந்து செக்கனில் என்ன நடக்கப்போகிறது என்பது. ஆகவே பெயரடைகளைக் குறைத்து வினைச்சொற்களைக் கூட்ட வேண்டும். யார் அசைகிறார், எந்த உறுப்பு, எவ்வளவு வேகத்தில், சுற்றியுள்ளவற்றில் எது அசைகிறது, கெமரா என்ன செய்கிறது. இவ்வளவும் இருந்தால் போதும். அம்மாயியின் படத்துக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"பெண் மெதுவாகத் தலையை நிமிர்த்தி கெமராவைப் பார்க்கிறார், இலேசாகச் சிரிக்கிறார். கைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. காற்றில் சேலை முந்தானையின் நுனி மட்டும் அசைகிறது. பின்னால் பனிமூட்டம் இடமிருந்து வலமாக மெல்ல நகர்கிறது. கெமரா நிலையாக நிற்கிறது. படம் கறுப்பு வெள்ளையாகவே இருக்கிறது."

இதில் அம்மாயி செய்வது தலையை நிமிர்த்திப் பார்த்துச் சிரிப்பது என்ற ஒரே தொடர்ச்சியான செயல். ஐந்து செக்கனுக்குள் கொழுந்து பறி, திரும்பு, நட, கையசை என்று நான்கைத் திணித்தால் ஒன்றும் முழுமையாக வராது, முகமும் நிலைக்காது. கைகளை அடக்கி வைத்ததற்கும் காரணம் உண்டு. விரல்கள் இந்த மாதிரிகள் அடிக்கடி தவறவிடும் இடம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் அந்த விரல் வேகத்தை அதற்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். பழைய, மங்கிய படமாக இருந்தால் இன்னும் கடினம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். "கெமரா அசையக் கூடாது" என்று நான் எழுதவில்லை, "நிலையாக நிற்கிறது" என்றுதான் எழுதியிருக்கிறேன். வீடியோவுக்கு விவரிப்பு எழுதுகிறவர்கள் அதில் இருப்பதை எழுதுவார்கள், இல்லாததை எழுதுவது குறைவு. அதைப் படித்துப் பழகிய மாதிரிக்கு 'கூடாது' என்பது சரியாக ஏறுவதில்லை. 'கெமரா', 'அசைவு' என்ற இரண்டையும் பிடித்துக்கொண்டு கெமராவை ஆட்டிவிடுவதும் உண்டு. வேண்டாததை எழுதத் தனிப் பெட்டி தரும் கருவிகளும் இருக்கின்றன. அங்கே எழுதலாம்.

கெமரா அசைவுக்கான சொற்களில் ஒரு சோடியை மட்டும் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது. சூம் என்றால் கெமரா நின்ற இடத்திலேயே நிற்க, வில்லை மட்டும் படத்தைப் பெரிதாக்குகிறது. டாலி என்றால் கெமராவே முன்னே போகிறது. டாலியில் பக்கத்தில் இருக்கும் தேயிலைச் செடிகள் வேகமாக விலகும், தூரத்து மலை கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். அதனால் ஆழம் தெரியும். தெமோதர ஒன்பது வளைவுப் பாலத்தை எடுத்த படத்துக்கு டாலி அழகு. பாஸ்போட் அளவு முகப்படத்துக்கு அது ஆகாது. முகத்தின் மறுபக்கத்தை இயந்திரம் கற்பனை செய்யவேண்டி வரும்.

நம் மலைநாட்டுத் தமிழில் எழுதும்போது ஒரு தனிச் சிக்கல் வருகிறது. சில கருவிகள் தமிழை ஏற்கின்றன. ஆனால் மாதிரிகள் படித்த விவரிப்புகளில் ஆங்கிலமே மிகுதி என்பதால் பலரும் தமிழில் எழுதி மொழிபெயர்த்துப் போடுகிறார்கள். தோட்டத்தில் 'மலை' என்றால் தேயிலை நடப்பட்ட வேலைத்தளம். "அம்மா மலையிலிருந்து வருகிறார்" என்று எழுதி மொழிபெயர்த்தால் அம்மா மலையேறிவிட்டு இறங்குகிறவர் ஆகிவிடுவார். 'லயம்' தாளத்தோடு போய்விடலாம். 'ஸ்டோர்' என்று நாம் தேயிலைத் தொழிற்சாலையைச் சொன்னால் அது கடையாக மாறும். இந்தச் சொற்களை நான் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. இவை இந்த மண்ணில் இருநூறு ஆண்டுக்கால உழைப்பில் விளைந்த சொற்கள். தூண்டுரையில் மட்டும் பொருளை விரித்து எழுத வேண்டும்: "ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் சிறிய வீடுகள்" என்று. கூடையையும் அப்படித்தான். கூடைக் கயிறு தலையில் மாட்டி, கூடை முதுகில் தொங்குகிறது என்று எழுதாவிட்டால் ஆள் அசையும்போது கயிறு காணாமற்போகும்.

பழைய ஸ்டூடியோப் படங்களில் பின்னால் தொங்கும் திரையையும் மறக்கக் கூடாது. நீர்வீழ்ச்சி, அரண்மனைப் படிக்கட்டு என்று துணியில் தீட்டியிருப்பார்கள். இயந்திரம் அதை உண்மையான இடம் என்று எடுத்துக்கொண்டு நீரை ஓடவிடும். "பின்னால் இருப்பது வண்ணம் தீட்டிய துணித்திரை, அது அசையாமல் இருக்கிறது" என்று ஒரு வரி சேர்த்தால் அந்தக் காலத்து ஸ்டூடியோ ஸ்டூடியோவாகவே நிற்கும்.

இந்தப் படங்களைப் பற்றி நான் இவ்வளவு கவனமாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 1964ஆம் ஆண்டு இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கியது. அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரில் கப்பலேறிப் போனவரின் முகம் சில வீடுகளில் ஒரே ஒரு படத்தில்தான் இருக்கிறது. அந்த முகத்தை ஒரு சோம்பேறித்தனமான வரியால் வேறு முகமாக்கி டிக்டொக்கில் போட்டுவிட்டால், பேரப்பிள்ளைகள் பிறகு அதையே உண்மையான முகம் என்று நினைப்பார்கள். எனவே வீடியோவில் இது செயற்கை நுண்ணறிவால் அசைக்கப்பட்டது என்று எழுதுங்கள், மூலப் படத்தையும் கூடவே போடுங்கள். உயிரோடு இருப்பவரின் படம் என்றால் அவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இறந்தவர் என்றால் வீட்டில் மூத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அப்புறம், பேச்சு. 2025 மே மாதம் வெளியான வியோ 3 முதல் வீடியோவோடு ஒலியும் சேர்ந்தே வருகிறது. தூண்டுரையில் வசனம் எழுதினால் படத்தில் இருப்பவர் பேசுவார். இறந்தவர்களுக்கு இதைச் செய்யாதீர்கள் என்பது என் வேண்டுகோள். வருகிற குரல் அவருடையது ஆகாது, சொல்லும் அவருடையது ஆகாது. ஒலி வேண்டுமென்றால் தகரக் கூரையில் விழும் மழை, தூரத்தில் ரயில் என்று சூழலை மட்டும் எழுதலாம். அந்தப் படத்தின் கதை தெரிந்த பெரியம்மாவோ மாமாவோ வீட்டில் இருந்தால் அவர்களைப் பேசவிட்டுப் போனில் பதிந்து, வீடியோவோடு இணைத்துவிடலாம். அதற்குத் தூண்டுரையே தேவையில்லை.