வெள்ளை இலை விதையில் வராது, தம்பி

போன சனிக்கிழமை வந்த பையனோடு சேர்த்து இந்த மாதத்தில் இது ஐந்தாவது ஆள். பெங்களூரில் லால்பாக் பக்கம் சித்தாபுராவில் நர்சரிக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறவள் நான். அதற்கு முன்னால் 19 வருடம் ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் பாட்டில்களோடு மல்லுக்கட்டியவள். வேரிகேட்டட் செடி, அதாவது இலையில் பச்சையும் வெள்ளையும் கலந்து வரும் செடி, எனக்கும் பிடிக்கும். அதை விதையாக வாங்கி ஏமாந்து வருகிறவர்களைப் பார்த்தால்தான் தலைவலி வருகிறது.

பையன் முதலில் கன்னடத்தில் ஆரம்பித்தான். நான் கடைப் பையனைத் தமிழில் அதட்டியதைக் கேட்டதும் 'மேடம்' போய் 'அக்கா' வந்துவிட்டது. சேலத்துக்காரன், ஐடி வேலை, கோரமங்களாவில் நண்பர்களோடு வாடகை வீடு. போனை நீட்டினான். பால்கனியில் ஒரு தொட்டி, அதில் விரல் விரித்த மாதிரி இலை. ஒரே ஒரு கிளையில் மட்டும் நடு நரம்பை ஒட்டிக் கோடு போட்டதுபோல் பாதி இலை வெள்ளை. கஞ்சாச் செடி.

"அரிய ரகம்க்கா. ஆன்லைன்ல பத்து விதை வாங்கினேன், ஒண்ணுலதான் இப்படி வந்துச்சு. இதுலேருந்து விதை எடுத்து ரகத்தைக் காப்பாத்தணும். எப்படிப் பண்றது?"

முதலில் சட்டத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அவன் சொன்ன வாதங்களை நான் நிறையப் பேரிடம் கேட்டாயிற்று. 'விதை கஞ்சா இல்லையே' என்பது ஒன்று. 1985ஆம் வருட போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்பதற்கான விளக்கத்தில், பூக்கும் நுனி சேராத தனி விதையும் தனி இலையும் விலக்கப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் அதே சட்டம் உரிமம் இல்லாமல் அந்தச் செடியை வளர்ப்பதைத் தனியாகத் தடை செய்கிறது. வளர்த்தால் பத்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 'ஒரு செடிதானே' என்றால், ஒன்று வரை பரவாயில்லை என்று அதில் எங்கும் எழுதவில்லை. 'இது அலங்காரத்துக்கு' என்றால், கன்னாபிஸ் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும் என்றுதான் சட்டம் சொல்கிறது. இலை வெள்ளையா பச்சையா என்று யாரும் பார்க்கப்போவதில்லை. இமயமலை அடிவாரத்தில் ரோட்டோரம் தானாக முளைக்கிறது, உத்தராகண்டில் 2018இலிருந்து போதை குறைந்த ஹெம்ப் ரகத்துக்கு உரிமம் தருகிறார்கள், எல்லாம் சரி. உன் கோரமங்களா பால்கனிக்கு யார் உரிமம் கொடுத்தது? வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்த விதை என்றால் தாவரத் தொற்றுத்தடுப்பு விதிகளும் சேர்ந்துகொள்ளும். அந்தச் செடிக்கு நான் உதவ மாட்டேன், என் கூரைக்குள் கொண்டுவரவும் கூடாது என்று சொல்லிவிட்டேன். பையன் முகம் சுண்டிப்போயிற்று.

ஆனால் சட்டத்தை எடுத்து ஓரமாக வைத்தாலும் அவன் கேள்வி தப்பு. கஞ்சா, வீட்டுக்குள் அழகுக்கு வைக்கும் மான்ஸ்டெரா, வாழை, எதுவானாலும் அதே தப்பு. மற்ற நாலு பேரும் சட்டத்துக்கு உட்பட்ட செடியோடுதான் வந்தார்கள். ஏமாந்ததில் மட்டும் ஒரு வித்தியாசமும் இல்லை.

இலையில் வெள்ளை தெரிந்தால் அது ஒரு 'ரகம்' என்று நினைக்கிறீர்கள். பொன்னி, சீரகச் சம்பா மாதிரி விதை போட்டால் அதுவே திரும்ப வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள். கோலியஸ், போல்கா டாட் போன்ற சிலவற்றில் இலைக்கோலம் மரபணுவிலேயே இருக்கிறது, அவை விதையில் வரும். நீங்கள் ஆயிரக்கணக்கில் காசு கொட்டுகிற செடிகள் பெரும்பாலும் அப்படி இல்லை. அவை ஒட்டுக்குடித்தனம். ஒரே தண்டுக்குள் பச்சைத் திசுவும் வெள்ளைத் திசுவும் அடுக்கடுக்காகப் பக்கத்தில் பக்கத்தில் குடியிருக்கின்றன. விதை அந்த வீடு முழுவதிலிருந்தும் உருவாவதில்லை. பெரும்பாலும் மேல்தோலுக்கு அடுத்த ஓர் அடுக்கிலிருந்து உருவாகிறது. அந்த அடுக்கு பச்சையாக இருந்தால் நாற்றெல்லாம் பச்சை. வெள்ளையாக இருந்தால் நாற்றெல்லாம் வெள்ளை; பச்சையமே இல்லாத நாற்று விதையில் இருந்த சாப்பாடு தீரும்வரை நிற்கும், அப்புறம் சாயும். கலவை மட்டும் எல்லா விதையிலும் அப்படியே கலவையாக வராது.

நம்பிக்கை இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் பாம்புச் செடியைப் பாருங்கள், இலை ஓரத்தில் மஞ்சள் கரை போட்டிருக்குமே, அது. இலையைத் துண்டு துண்டாக வெட்டி மண்ணில் செருகினால் நன்றாக வேர் விடும், குட்டியும் போடும். குட்டியில் மஞ்சள் கரை இருக்காது. மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கைப் பிரித்து வைத்தால்தான் கரையோடு வரும். விதைகூட வேண்டாம், இலைத் துண்டிலேயே அந்த அடுக்கு கலைந்துபோகிறது. எங்கள் கூடத்தில் கணு மொட்டை விட்டுவிட்டு இலைத் திசுவிலிருந்து கன்று எடுக்கப் பார்த்த ஒரு புதுப் பையன், ட்ரே நிறையப் பச்சைக் கன்றை அடுக்கிவைத்துக்கொண்டு விழித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. கார்ல் காரென்ஸ் என்ற ஜெர்மானியர் 1909இல் நம் அந்திமந்தாரையை வைத்தே இதைக் காட்டியிருக்கிறார். ஒரே செடியில் பச்சைக் கிளை, வெள்ளைக் கிளை, கலவைக் கிளை. பச்சைக் கிளையில் காய்த்த விதை பச்சை நாற்று, வெள்ளைக் கிளையில் காய்த்தது வெள்ளை நாற்று, கலவைக் கிளையில் காய்த்தது மூன்றும். மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் மாற்றமில்லை. காய் எந்தக் கிளையில் தொங்குகிறது என்பதுதான் கணக்கு.

ஆகவே 'வேரிகேட்டட் மான்ஸ்டெரா விதை' என்று பாக்கெட்டில் போட்டு விற்பவரிடம் தயவுசெய்து வாங்காதீர்கள். மான்ஸ்டெரா விதை காய்ந்தால் செத்துப்போகும். உலர்ந்த பாக்கெட்டில் வந்தாலே சந்தேகப்பட வேண்டாமா? போன வாரம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஹலசூரிலிருந்து ஆட்டோ பிடித்து, மடியில் ட்ரேயைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வந்தார். முளைத்திருந்தது அரைக்கீரை. எப்படிச் சொல்வது என்று எனக்கே சங்கடமாகிவிட்டது. 'அவ்வளவு தண்ணி ஊத்தினேனேம்மா' என்றார்.

வெளிறிய நாற்றின் போட்டோவைப் போட்டு ஏமாற்றுவதும் நடக்கிறது. ஊர்த் திருவிழாவில் முளைப்பாரி பார்த்ததில்லையா? இருட்டில் வைத்தால் எல்லா நாற்றும் அப்படித்தான் வெளுத்து நிற்கும், வெயில் பட்டால் பச்சையாகும். இன்னொரு கூட்டம் நோயையே ரகம் என்று கொண்டாடுகிறது. வெண்டையில் மஞ்சள் நரம்பு ஓடினால் அது வைரஸ், வெள்ளை ஈ பரப்புவது, பிடுங்கிப் போடுங்கள். உப்புத் தண்ணீர் டேங்கரை நம்பி வாழும் அடுக்குமாடிகளில் புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்தை மண்ணிலிருந்து எடுக்க முடியவில்லை என்று பொருள். 'அக்கா, என் ரோஜா வேரிகேட்டட் ஆயிடுச்சு' என்று போட்டோ அனுப்பாதீர்கள்.

வெள்ளை இலை வேண்டுமா, கன்றாக வாங்குங்கள், நேரில் பார்த்து வாங்குங்கள். இலை அழகில் மயங்காமல் தண்டைப் பாருங்கள். வெள்ளைக் கோடு தண்டில் ஓடிவந்து கணுவில் இருக்கும் மொட்டைத் தொட வேண்டும். மொட்டுக்கு எதிர்ப்பக்கம் ஓடினால் அடுத்த கிளை பச்சைதான். பெருக்க வேண்டுமானால் அப்படிப்பட்ட கணுவோடு போத்து வெட்டி வையுங்கள். முழுப் பச்சையாகக் கிளைத்தால் உடனே வெட்டிவிடுங்கள், பாவம் பார்க்காதீர்கள்; அதுதான் வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கும். முழு வெள்ளைக் கிளையைப் பார்த்துப் பூரித்துப்போகவும் வேண்டாம், அது உட்கார்ந்து சாப்பிடும் மாப்பிள்ளை.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். கலப்பு செய்து பார்க்கும் ஆசை நல்ல ஆசைதான். அதைத் திட்டி அனுப்ப மனம் வரவில்லை. எங்கள் நர்சரிக் கொல்லையில் கலவை இலை அந்திமந்தாரை ஒன்று இருக்கிறது. மிளகு மாதிரி இருக்கும் அதன் விதையைக் கிளைவாரியாக மூன்று காகித உறையில் போட்டு, உறைமேல் பச்சை, வெள்ளை, கலவை என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று வரிசையாக ஊன்றி, தினமும் ஒரு போட்டோ எடுத்து வை என்றேன்.

நேற்று ராத்திரி வாட்ஸப்பில் வந்தான். அந்தத் தொட்டி இப்போது பால்கனியில் இல்லை என்றான். நான் அதற்குமேல் கேட்கவில்லை. கூடவே ஒரு போட்டோ. முதல் வரிசை கொழுகொழுவென்று பச்சை. மூன்றாவதில் மூன்று விதமும் இருந்தன. நடு வரிசையில் பால் நிறத்தில் நாலு நாற்று, இரண்டு ஏற்கெனவே சாய்ந்திருந்தன.

"அக்கா, வெள்ளை மட்டும் வாடுது. உரம் ஏதாவது போடவா?"

"ஒண்ணும் போடாதே. நாளைக்கும் போட்டோ எடு."