ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்பு

பிரேக்கை மிதித்தால் ஃபியூஸ் போகிறது. புதிதாக ஒன்று போட்டு மிதித்தால் அதுவும் போகிறது. காரில் ஷார்ட் இருந்தால் பெரும்பாலும் இப்படித்தான் தெரியவரும். இதில் ஒரு துப்பு இருக்கிறது. ஃபியூஸைச் சொருகியதுமே போயிருந்தால், கோளாறு ஃபியூஸ் பெட்டிக்கும் பிரேக் சுவிட்சுக்கும் நடுவில். மிதித்த பிறகு போவதால், சுவிட்சைத் தாண்டித்தான் தேட வேண்டும். அதற்கு மேல் எத்தனை ஃபியூஸைக் கருக்கினாலும் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை.

கார் ஒயரிங்கில் பேட்டரியின் மைனஸ் முனையை பாடியோடு சேர்த்துவிடுகிறார்கள். விளக்குக்கு பிளஸ் ஒயர் ஒன்று போனால் போதும். மின்னோட்டம் திரும்பி வர வண்டியின் தகரமே பாதை. நிறைய செம்பு மிச்சம். ஆனால் அந்த ஒயரின் உறை எங்காவது தேய்ந்து தகரத்தைத் தொட்டுவிட்டால், மின்னோட்டம் பல்புக்குப் போகாமலே திரும்பிவிடும். இதுதான் ஷார்ட். டிக்கியின் கீல் ஓரம் இதற்குப் பேர்போன இடம். திறந்து மூடும்போதெல்லாம் ஒயர் மடங்கி நிமிர்ந்து, ஒருநாள் உறை வெடித்துவிடும். கதவுக்குள் ஒயர் நுழையும் ரப்பர் குழாய், சீட் நகரும் தண்டவாளத்தின் அடி, எலி கடித்த இடம், பின்னால் சேர்த்த ஹாரன், ஃபாக் லைட் ஒயர்கள் எல்லாம் அடுத்தடுத்த சந்தேகங்கள்.

எவ்வளவு மின்னோட்டம் பாயும்? 0.75 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள செம்பு ஒயர் 4 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால் அதன் தடை 0.09 ஓம்தான். 12 வோல்ட் பேட்டரி அதில் 100 ஆம்பியருக்கு மேலேயே தள்ளும். ஓர் அயர்ன் பாக்ஸின் வெப்பம் அந்த மெல்லிய ஒயரிலேயே கிளம்பும். அதற்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ் உருகிவிடுவதால்தான் வண்டி தப்பிக்கிறது. ஃபியூஸ் இருப்பது பல்பைக் காக்க அல்ல, ஒயரைக் காக்க. "அடிக்கடி போகுதே" என்று 30 ஆம்பியர் ஃபியூஸைப் போடுகிறவர், அல்லது கம்பியைச் சுற்றிவிடுகிறவர், உருகும் வேலையை ஒயரிடம் கொடுக்கிறார்.

சரி, இடத்தை எப்படிப் பிடிப்பது? பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்களின் வழி எளிமையானது. கருகிய ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, அதே இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு 21 வாட் பல்பை மாட்டுவார்கள். எரியும்போது அதன் இழையின் தடை ஏறக்குறைய 7 ஓம். ஒயர் முழுதாக பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் 1.75 ஆம்பியருக்கு மேல் பாயாது. ஒயர் சூடாகாது, பல்பு மட்டும் பளிச்சென்று எரியும். ஷார்ட் அழியாமல் அப்படியே கிடக்கும், நாம் நிதானமாகத் தேடலாம். இதற்கு இழை பல்புதான் வேண்டும். எல்இடி டெஸ்டர் துளி மின்னோட்டத்துக்கே எரிந்து ஏமாற்றும்.

தொடங்கும் முன் பின்பக்க பிரேக் பல்புகளைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவை வழியாகவே மின்னோட்டம் போய், ஷார்ட் இல்லாதபோதும் நம் பல்பு எரியும். மல்டிமீட்டரை வைத்து ஓம் அளக்கிறவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். குளிர்ந்த 21 வாட் இழையின் தடை 1 ஓமுக்கும் கீழே. மீட்டர் அதை ஷார்ட் போலவே காட்டும்.

அப்புறம் ஒருவர் பிரேக்கை மிதித்தபடி இருக்க, இன்னொருவர் டிக்கிக்குப் போகும் கனெக்டரைக் கழற்றுகிறார். பல்பு அணைந்தால் கோளாறு அதற்கு அப்பால். எரிந்துகொண்டே இருந்தால் இந்தப் பக்கம். பாதிப் பாதியாக இப்படிக் கழித்துக்கொண்டே வந்து, மிஞ்சிய ஒயர் கட்டைக் கையால் அசைத்தால், ஒரு குறிப்பிட்ட இடத்தில் பல்பு மினுக்கும். அங்கே டேப்பைப் பிரித்தால் பச்சை பூத்த செம்பு தெரியும்.

ஒயர் தரைவிரிப்புக்கு அடியில் ஓடினால்? அதற்கும் வழி உண்டு. மின்னோட்டம் பாயும் கம்பி காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820-இல் டென்மார்க் இயற்பியலாளர் ஓர்ஸ்டெட் காட்டினார். 1.75 ஆம்பியர் ஓடும் ஒயரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் காந்தப்புலம் 35 மைக்ரோடெஸ்லா. தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலமே சுமார் 40தான். தகரம் பக்கத்தில் இருப்பதால் ஊசி வடக்கைக் காட்டாது, அதைப் பற்றிக் கவலையில்லை. பிரேக்கை மிதித்து மிதித்து விடும்போது ஊசி துள்ளுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். விரிப்பின் மேலே திசைகாட்டியை நகர்த்திக்கொண்டே போனால், ஷார்ட்டைத் தாண்டியதும் துள்ளல் நின்றுவிடும். போனிலுள்ள காந்த சென்சாரும் இதற்கு ஓரளவு உதவும்.

வெடித்த இடத்தை வெட்டி, ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, அதே 10 ஆம்பியர் ஃபியூஸைச் சொருகினால் வேலை முடிந்தது. இந்த வித்தையை ஏர்பேக் ஒயரில் மட்டும் காட்டக் கூடாது. பெரும்பாலும் மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ போட்டிருக்கும். சிறு மின்னோட்டமே பையை வெடிக்க வைத்துவிடும்.