துருவத்தில் மரமில்லை: கருமுதுகு மரங்கொத்தியின் பெயர் பற்றி

வட அமெரிக்கக் காட்டுத்தீயைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ‘துருவ மரங்கொத்தி’ என்று ஒரு பறவையைக் குறிப்பிடுவது வழக்கமாகிவருகிறது. இந்தப் பெயர் தவறு. ‘கருமுதுகு மரங்கொத்தி’ என்பதே பொருந்தும்.

அறிவியல் பெயர் பிக்காய்டெஸ் ஆர்க்டிகஸ். முதற்சொல்லுக்கு மரங்கொத்தியை ஒத்தது என்று பொருள். இரண்டாவது சொல்லில்தான் சிக்கல். ‘ஆர்க்டோஸ்’ என்றால் கிரேக்கத்தில் கரடி. வடவானில் கிரேக்கர்கள் கரடியாகக் கண்ட விண்மீன் கூட்டத்தில்தான் நம் சங்கப் புலவர்கள் சொன்ன எழுமீன் இருக்கிறது. அந்தத் திசைக்குரியது, அதாவது வடக்கத்தியது என்பதே ஆர்க்டிகஸ். 1830களின் தொடக்கத்தில் இப்பெயரைச் சூட்டியவர் ஆங்கிலேய இயற்கையியலாளர் வில்லியம் சுவெய்ன்சன்.

வடக்கு வேறு, துருவம் வேறு. ‘துருவ’ என்ற அடைமொழியைக் கேட்டதும் தமிழ் வாசகருக்குத் துருவக் கரடியும் பனிப்பாளமும்தான் தோன்றும். துருவத்தில் மரமே கிடையாது. மரமில்லாத இடத்தில் மரங்கொத்திக்கு என்ன வேலை? இப்பறவை அலாஸ்காவிலிருந்து கனடா வழியாக நியூஃபவுண்ட்லாந்து வரை ஊசியிலைக் காடுகளில் வாழ்கிறது. தெற்கே கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளிலும், தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் காடுகளிலும் ஆண்டு முழுவதும் இருக்கிறது. ஆங்கிலத்திலேயே ‘ஆர்க்டிக்’ என்ற பழைய பெயரைக் கைவிட்டு முதுகின் நிறத்தைக் கொண்டு அழைக்கத் தொடங்கி வெகுகாலம் ஆகிறது. அவர்கள் கழற்றிப் போட்ட சட்டையை நாம் ஏன் எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும்?

‘மூவிரல் மரங்கொத்தி’ என்பாரும் உண்டு. பெரும்பாலான மரங்கொத்திகளுக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு என நான்கு விரல்கள். இதற்குப் பின்விரல் ஒன்றுதான். ஆனால் அதே காடுகளில் வாழும் இதன் நெருங்கிய உறவுப் பறவைக்கும் மூன்றே விரல். மூவிரல் என்ற பெயர் அதற்குத்தான் நிலைத்திருக்கிறது. இரண்டுக்கும் ஆண் பறவையின் உச்சந்தலையில் மஞ்சள் திட்டு உண்டு. வேறுபாடு முதுகில்தான்: அதற்கு வெள்ளைப் பட்டைகள், இதற்கு நீலம் மின்னும் முழுக் கறுப்பு. ஆகவே அடையாளம் காட்டும் பெயர் முதுகைத்தான் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பறவையைப் ‘பொன்முதுகு மரங்கொத்தி’ என்று அழைக்கிறோமே, அந்த வழியில் ‘கருமுதுகு’ இயல்பாக வந்து அமர்கிறது. கருப்பா கறுப்பா என்ற ஓயாத வழக்குக்கும் இதில் இடமில்லை. ‘கருப்புப் பின்புற மரங்கொத்தி’ என்று எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்த வேண்டும். முதுகு என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கும்போது பின்புறம் எதற்கு? அது உடலின் வேறொரு பகுதியைக் குறிக்கும்.

அந்தக் கறுப்புக்குப் பயனும் உண்டு. தீயில் கருகிய அடிமரத்தில் ஒட்டிக்கொண்டால் பறவை எளிதில் கண்ணுக்குத் தென்படாது. நேராகக் கொத்துவதோடு, அலகைப் பக்கவாட்டில் வீசிப் பட்டையைச் செதில் செதிலாகப் பெயர்க்கிறது. கரிய மரத்தில் வெளிறிய திட்டுகள் தெரிந்தால் அது இரைதேடிய இடம் என்று ஊகிக்கலாம். எரிந்த மரங்களில் முட்டையிட நீண்ட உணர்கொம்பு கொண்ட வண்டுகள் திரண்டு வருகின்றன. மரத்தைக் குடைந்து வளரும் அவற்றின் புழுக்களே இதன் முக்கிய உணவு. தீ அணைந்த சில மாதங்களிலேயே பறவைகள் வந்துவிடும். சில ஆண்டுகளில் புழுக்கள் குறைந்ததும் புதிதாக எரிந்த காட்டைத் தேடிப் போகும்.

இந்த இடத்திலும் மொழிபெயர்ப்பாளர்கள் சறுக்குகிறார்கள். ‘எரிந்த காடு’ என்பதை ‘அழிந்த காடு’ என்று எழுதிவிடுகிறார்கள். பறவையின் பெயருக்கு லத்தீன் அகராதி, காட்டுக்குச் செய்தித்தாள் வழக்கு. பொருளைப் பார்த்துச் சொல்லைத் தேர்கிற பழக்கம் அற்றுப்போகிறது. கருகிய மரங்களை உடனே வெட்டி விற்பதுதான் இப்பறவைக்குப் பெரிய ஆபத்து. காடு அழிந்தே போனது என்று எழுதினால் வெட்டுவதில் தவறென்ன என்றுதான் வாசகர் நினைப்பார். எரிந்தது என்றால் எரிந்தது என்றே எழுதுங்கள்.