தோல் நிறத்துக்கு அவசரப்படாதீர்கள்

எண்ணெய் வண்ணம் கற்க வருபவர்கள் பலரும் என்னிடம் முதலில் கேட்பது, மனித உடலின் நிறத்துக்கு எந்தெந்த டியூப் வாங்க வேண்டும் என்பதைத்தான். பண்டைய கிரேக்க, ரோமானியக் கலையை முன்மாதிரியாகக் கொண்ட நவசெவ்வியல் ஓவியத்தை நகலெடுத்துப் பழகுபவருக்கு அந்தக் கேள்வி கடைசியில் வந்தால் போதும்.

தொடக்கத்துக்கு நான் சொல்வது, பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் 1808இல் ரோமில் வரைந்த ‘வல்பின்சோன் குளிக்கும் பெண்’. இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரே உருவம். முகபாவம் கிடையாது, கூட்டம் கிடையாது. சுலபம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த முதுகில் அழுத்தமான நிழல் மிகக் குறைவு. தோளிலிருந்து இடுப்புவரை ஏறக்குறைய எல்லாமே வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் நடுவிலுள்ள இடைத்தொனிகள். அவற்றைக் கண் பிரித்தறியாத வரை எந்த டியூபும் உதவாது.

ஆகவே படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு வண்ணமும் வெள்ளையும் மட்டும் கொண்டு முழு உருவத்தையும் ஒருமுறை வரைந்துவிடுங்கள். முதுகுத்தண்டின் பள்ளத்தைக் கவனியுங்கள்: அது கோடாக இல்லை, ஒரு பக்கம் கொஞ்சம் மங்கி மறுபக்கம் கொஞ்சம் தெளிகிறது, அவ்வளவுதான். இங்கே பலர் மென்தூரிகையால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். உடல் மெழுகுப் பொம்மையாகிவிடும். தொனிகளைப் பக்கம் பக்கமாக வையுங்கள். அவை சேரும் விளிம்பை மட்டும் இளக்குங்கள்.

இன்னொன்று, உடற்கூறு தவறு என்று திருத்தப் போகாதீர்கள். ஆங்க்ரின் 1814ஆம் ஆண்டு ‘பெரிய ஒடாலிஸ்க்’ (அந்தப்புரப் பெண்) ஓவியத்தில் முதுகெலும்பு நீண்டுவிட்டது என்று அந்தக் காலத்திலேயே விமர்சித்தார்கள். அவருக்குக் கோட்டின் ஓட்டம்தான் முக்கியம். நகலெடுக்கும்போது அந்த முடிவையும் சேர்த்துத்தான் கற்கிறோம்.

பழுப்பும் வெள்ளையுமாக வரைந்த அந்த அடிப்படை அடுக்கு நன்றாகக் காய்ந்த பிறகே வண்ணம். வெள்ளை, யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), ஒரு சிவப்பு, ஐவரி பிளாக் (கறுப்பு) ஆகிய நான்கே தாராளம். வெள்ளையோடு கறுப்பும் ஓக்கரும் சேர்ந்தால் வரும் சாம்பல், சிவந்த சதைக்குப் பக்கத்தில் பச்சை சாயலாகத் தெரியும். இடைத்தொனிக்கு அதுதான் வேண்டும்.

மேலே போகப் போக அடுக்கில் எண்ணெய் கூடலாம், குறையக் கூடாது. எண்ணெய் அதிகமுள்ள அடுக்கு மெதுவாகக் காயும். அதன்மேல் சீக்கிரம் காயும் அடுக்கைப் பூசினால் நாளடைவில் வண்ணத்தில் வெடிப்பு விழும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக முழுதாகக் காய்ந்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

இதையெல்லாம்விட நான் அழுத்திச் சொல்வது தூரிகை துடைக்கும் துணியைப் பற்றி. ஆளி விதை எண்ணெய் காய்வது ஆவியாகி அல்ல, ஆக்சிஜனை இழுத்து. அப்போது சூடு பிறக்கும். நனைந்த துணிகளைச் சுருட்டிக் குவித்தால் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் துணி தானாகவே தீப்பிடிக்கலாம். தீக்குச்சி தேவையில்லை. வேலை முடிந்ததும் துணிகளை வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய, மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள். வண்ணத்தை இளக்க டர்பன்டைன் பயன்படுத்தினால் ஜன்னல் திறந்திருக்கட்டும். ஈயம் கலந்த வெள்ளையை விட்டுவிட்டு டைட்டானியம் வெள்ளையே வாங்குங்கள்.

அப்புறம், முடித்த நகலில் ஆங்க்ரின் கையெழுத்தைப் போடாதீர்கள். லூவ்ரில் அனுமதி பெற்று நகலெடுப்பவர்கள்கூட மூலத்தின் அதே அளவில் வரையக் கூடாது. கேன்வாஸின் பின்புறம் எந்த ஓவியத்தின் நகல் என்று எழுதி, உங்கள் பெயரையும் தேதியையும் குறித்துவிடுங்கள்.