சாவ்ஃபா: வானத்தின் உடையவர்

பர்மாவின் ஷான் மலைநாட்டைப் பற்றித் தமிழில் படிக்கும்போது சாப்வா, சோப்வா, சாவ்பா என்று ஒரு சொல் விதவிதமாகத் தட்டுப்படும். மூன்றும் ஒன்றுதான். ஷான் மொழியில் அது சாவ்ஃபா, அங்கிருந்த நாடுகளை ஆண்டவர்களின் பட்டம். ‘சாவ்’ என்றால் உடையவர், தலைவர். ‘ஃபா’ என்றால் வானம். (தமிழ்க் காதுக்கு முதல் பாதி கொஞ்சம் அபசகுனம்தான், என்ன செய்வது!) பர்மியர் வாயில் அது சோப்வா ஆனது, அதை ஆங்கிலேயர் எழுதிவைத்தபடி எழுத்துக்கூட்டியதில் நமக்குச் சாப்வா வந்து சேர்ந்தது.

தாய்லாந்தில் உயர்நிலை இளவரசர், இளவரசியரின் பட்டத்திலும் இதே சொல் உண்டு. அசாமை ஆண்ட அகோம் மன்னர்களுக்கும் இதுவே பட்டம். அங்கே அதை ‘ஸ்வர்கதேவ்’ என்று அப்படியே பெயர்த்துக்கொண்டார்கள்.

வானம் பெரியது, நாடுகள் அப்படியல்ல. ஷான் நாடுகளில் பெரியதான கெங்துங்கே ஏறத்தாழ 12,000 சதுர மைல்தான். மேற்கே மியேலாட் பகுதியிலிருந்த கியோங் நாடோ சுமார் 24 சதுர மைல். இத்தனை சிறிய நாட்டை ஆண்டவருக்கு வானப் பட்டம் கிடையாது. அவர் ‘ங்வேகுன்மு’. ங்வே வெள்ளி, குன் வரி, மு அதிகாரி. வெள்ளியாக வரி கட்டுபவர் என்பதே அவருடைய அடையாளம்.

இரண்டுக்கும் நடுவில் ‘மியோசா’. மியோ ஊர், சா தின்பது. ஊரைத் தின்பவர்! நம்மூரில் இப்படிச் சொன்னால் வசவு. அங்கே அந்த ஊரின் வருவாயை அனுபவிக்கும் உரிமை. பர்மிய இளவரசர்களையும் அவர்கள் ‘தின்ற’ ஊரின் பெயராலேயே அழைத்தார்கள். கடைசி மன்னர் தீபோவின் பெயர்கூட சீபோ என்ற ஷான் நாட்டுப் பெயரின் பர்மிய உச்சரிப்புதான்.

சரி, தமிழில் என்ன எழுதலாம்? சொல்லுக்குச் சொல் என்றால் ‘விண்கோ’. அழகாக இருக்கிறது, ஆனால் யாருக்கும் புரியாது. ‘ஜமீன்தார்’ தவறு, சாவ்ஃபா வரியோடு நிற்காமல் நீதியும் நிர்வாகமும் நடத்தியவர். ‘குறுநில மன்னர்’ சரியாகப் பொருந்தும். மியோசாவுக்கு ‘ஊர்கிழார்’, ங்வேகுன்முவுக்கு ‘வெள்ளிவரித் தலைவர்’ என்பது என் தேர்வு.

இன்னொன்று. 1948இல் சுதந்திர பர்மாவின் முதல் குடியரசுத் தலைவரான சாவ் ஷ்வே தைக் பெயரில் உள்ள ‘சாவ்’ இதே பட்டச் சொல்தான். அவர் யாங்ஹ்வே நாட்டின் சாவ்ஃபா. சாவ்ஃபாக்கள் பரம்பரை ஆட்சியுரிமையைத் துறந்ததே 1959இல்தான். எனவே 1948ஆம் ஆண்டுச் செய்தியில் அவரை ‘முன்னாள் குறுநில மன்னர்’ என்று எழுதக்கூடாது.